கிணற்றுத் தண்ணீரில் ஓர் ஆய்வுக் கேள்வி

பட்டாசு வட்டாரத்து அறிவியல் மாணவர்கள் எதைத் தேடிப் பயிற்சிக்குப் போக வேண்டும்?

சிவகாசியின் தொழில் கதை ஒரு பயிற்சிப் பயணத்தில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் வேலையை அங்கே மாதக்கணக்கில் உடனிருந்து கற்றார்கள். ஊர் திரும்பி ஆலை வைத்தார்கள். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு முதலில் தீப்பெட்டி வந்தது. அதன் பின்னால் பட்டாசும் அச்சும் வந்து ஒரு வட்டாரத்தின் பிழைப்பையே மாற்றின. 1963இல் தொடங்கப்பட்ட அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி அந்தப் பயிற்சி மாணவர்களில் ஒருவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் இன்று வேதியியலும் விலங்கியலும் நுண்ணுயிரியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு பயிற்சிப் பயணம் தேவை. முன்னோர் ஒரு தொழிலைக் கற்றுவந்தார்கள். அந்தத் தொழில் மனித உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அளக்க இவர்கள் கற்றுவர வேண்டும்.

ஆலங்குளத்திலிருந்து இதை யோசித்துப் பார்ப்போம். ஆலங்குளம் என்றதும் பலருக்குத் தென்காசிப் பக்கத்து ஊர் நினைவுக்கு வரும். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். சுண்ணாம்புக்கல்லை நம்பி 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். ஒரு பக்கம் சுண்ணாம்புத் தூசி. இன்னொரு பக்கம் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என்று விரியும் பட்டாசு நிலம். உள்ளூர்ப் பேச்சில் பட்டாசு ஆலை ‘பயர் ஆபீஸ்’, தீப்பெட்டி ஆலை ‘தீப்பெட்டி ஆபீஸ்’. விடிந்ததும் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். அம்மா அந்த வேனிலும், மகள் கல்லூரிப் பேருந்திலுமாகப் போகும் வீடுகள் இந்தப் பக்கத்தில் நிறைய. அம்மாவின் கையில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்கம் ஒட்டியிருக்கும். மகளின் நோட்டுப் புத்தகத்தில் அலுமினியத்தின் எலக்ட்ரான் அமைப்பு இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு கேள்வி கேட்க அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

பெரும்பாலும் இல்லை. ‘இன்டர்ன்ஷிப்’ என்ற சொல் மட்டும் எல்லாக் கல்லூரிக்கும் வந்துவிட்டது. ஐந்து நாள், பத்து நாள் பயிற்சி, கட்டணம், முடிவில் வண்ணச் சான்றிதழ். அங்கே செய்யும் சோதனைக்கு விடை ஏற்கெனவே தெரியும். கருவியைத் தொட்டுப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்புவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கிறார்கள், அதனால் வாங்கி வைக்கிறார்கள். ஆனால் சுகாதார ஆய்வில் ஒரு மாணவர் வளர்வது அப்படி இல்லை. விடை யாருக்கும் தெரியாத கேள்வி ஒன்றை அவர் கையில் கொடுத்து, அதற்கு அவரையே பொறுப்பாக்கும்போதுதான் அவர் வளர்கிறார். தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு பெரிய சான்று உண்டு.

மேற்கே போன ஐஸ் பெட்டி

1985ஆம் ஆண்டின் பிற்பகுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32. கட்டுப்பெட்டியான சிறுநகரக் குடும்பத்தில் வளர்ந்தவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு யோசனை சொன்னார்: இங்கே எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்.

அன்றைய நிலையில் இது விசித்திரமான யோசனை. எய்ட்ஸ் மேலைநாட்டாரின் ஒழுக்கக் கேட்டால் வரும் நோய், நம் நாட்டுக்கு வராது என்பதே பொதுக் கருத்து. பம்பாயில் சோதித்த மாதிரிகளிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர்தான் ஊக்கம் கொடுத்தார்.

இருநூறு மாதிரிகள் இலக்கு. பாலியல் தொழில் செய்யும் பெண்களை எங்கே தேடுவது? பம்பாய், கல்கத்தா போலச் சென்னையில் அதற்கென்று ஒரு தெரு கிடையாது. அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த சில பெண்களோடு பழகினார் நிர்மலா. அவர்கள் மற்றவர்களைக் காட்டினார்கள். ஜாமீன் எடுக்க வழியில்லாமல் காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்கள் பலர் என்பது அதன்பின் தெரிந்தது. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். இவர் உள்ளே போய் இரத்தம் எடுப்பார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி இல்லை. மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. கடன் வாங்கிய கருவிகளோடு பேராசிரியர் அமைத்த சிறு ஆய்வகத்தில் சீரத்தைப் பிரித்தார்கள். வைக்க இடம்? நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி.

இரத்தத்தில் கிருமியின் தடயத்தைத் தேடும் எலிசா சோதனைக்குச் சென்னையில் வசதி கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் செய்ய முடியும். 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆட்டோ. வேலூரில் வைரஸியல் துறைத் தலைவர் ஜேக்கப் டி. ஜான், ஜார்ஜ் பாபுவை உதவிக்கு விட்டார். காலையில் வேலை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் போய்விட, எல்லோரும் தேநீர் குடிக்க எழுந்து போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்பது அந்த நொடியில் தெரிந்தது.

மறுபடி மாதிரி எடுத்தார்கள். அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதி செய்தார்கள். செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், அங்கிருந்து பிரதமர் ராஜீவ் காந்திக்கும் போனது. மே மாதத்தில் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தபோது, நிர்மலாவும் சுனிதி சாலமனும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார்கள். 1987இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியானது. அதன் ஆசிரியர் பட்டியலில் மாணவியின் பெயரும் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். தரவு சேர்த்த மாணவியின் பெயர் காணாமல் போகும் கட்டுரைகள் ஏராளம்.

நிர்மலா அதே ஆண்டு மார்ச்சில் ஆய்வேட்டை முடித்தார். பிறகு கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் சேர்ந்து தடுப்பூசிப் பணியில் இருந்து 2010இல் ஓய்வு பெற்றார். ஊடகங்கள் அவரை ஏறக்குறைய மறந்தே போயின. பேராசிரியர் 1993இல் எய்ட்ஸ் ஆய்வுக்கும் கல்விக்குமான ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் மறைந்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது.

வீர வரலாறாக மட்டும் இதைச் சொல்லி நிறுத்தினால் பாதி பாடம் போய்விடும். அந்தப் பெண்களுக்கு எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று சொல்லப்படவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள் என்று நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிருமி இருப்பது தெரிந்தபின் பெண்களைக் காப்பகங்களிலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே விட்டார்கள். ஆய்வு நாட்டுக்கு உதவியது. இரத்தம் கொடுத்தவர்களுக்கு அந்த உதவி அப்போது கிடைக்கவில்லை.

இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்கச் சொல்கின்றன. எச்.ஐ.வி. சோதனைக்கு அதே ஆண்டில் வந்த தனிச் சட்டமே ஒப்புதலையும் ஆலோசனையையும் கட்டாயமாக்குகிறது. நிர்மலாவின் துணிச்சலையும் அவர் காலத்தின் இந்தக் குறையையும் ஒன்றாகக் கற்கும் மாணவர்தான் முழுமையாகக் கற்கிறார்.

எண்ணப்படும் சாவும் எண்ணப்படாத நோயும்

பட்டாசு வட்டாரத்துக்கு வருவோம். இங்கே உடல்நலம் என்ற பேச்சு வெடிவிபத்தோடு முடிந்துவிடுகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டைப் பக்கம் ராமுதேவன்பட்டி. ஒவ்வொன்றும் ஊரையே உலுக்கியது. ஒவ்வொன்றிலும் இறந்தவர்களை எண்ணினார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், உரிமத்தை ஆராய்ந்தார்கள். எண்ணியே ஆக வேண்டிய சாவுகள் அவை.

ஆனால் மெதுவாக வரும் நோயை எண்ணுவதற்கு ஆள் இல்லை. பொடி சலிக்கும் அறையில் இருபது ஆண்டு வேலை பார்த்த பெண்ணுக்கு மூச்சு இறைத்தால், ‘வயசாயிருச்சு’ என்பார்கள். கழுத்து வீங்கினால் மதுரைக்குப் போய்த் தைராய்டு மாத்திரை வாங்கி வருவார்கள். இதற்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறது என்று அடித்துச் சொல்வதும் தவறு; இல்லை என்று கைகழுவுவதும் தவறு. அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அளந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தீப்பெட்டித் தொழிலின் உலக வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. அமெரிக்காவில் ஜான் ஆண்ட்ரூஸ் என்ற இளம் ஆய்வாளர் ஆலை ஆலையாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைக் கண்டு எழுதிய அறிக்கை 1910இல் வெளிவந்தது. 1912இல் அந்தத் தீக்குச்சிமேல் கடும் வரி போட்டு அதை ஒழிக்கச் சட்டமே வந்துவிட்டது. ஆண்ட்ரூஸ் மருத்துவரும் அல்ல. பொருளாதாரம் படித்தவர்.

நம் மண்ணிலும் ஓர் அளவீடு நடந்திருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் இசோபேயும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் நீர் மாதிரிகள் எடுத்துப் பெர்குளோரேட் என்ற வேதிப்பொருளைத் தேடினார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பெர்குளோரேட் பட்டாசு, ராக்கெட் எரிபொருள் போன்றவற்றில் ஆக்சிஜன் கொடுக்கும் உப்பு. நீரில் எளிதில் கரையும், நிறம் தராது. நிலத்தடி நீரில் அதிகபட்சமாக லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு முன்வைத்த வழிகாட்டு அளவு 15. சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 அந்த அளவைத் தாண்டின. பட்டாசு ஆலைப் பகுதியில்தான் அளவு கூடுதல் என்பதும் தெளிவாகவே தெரிந்தது. அவர்கள் எடுத்த மூன்று குழாய்த் தண்ணீர் மாதிரிகளிலோ அளவு அரை மைக்ரோகிராமைக்கூடத் தொடவில்லை. மனித உடல்நலம் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று அந்தக் கட்டுரை கேட்டுக்கொள்கிறது.

அந்த வேண்டுகோள் யாருக்கு? முதலில் நமக்குத்தான் என்று நினைக்கிறேன். சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம், விருதுநகர், கிருஷ்ணன்கோவில் என்று இத்தனை கல்லூரிகளை வைத்திருக்கும் வட்டாரம் இது.

டைட்ரேஷன் தெரிந்தவர்கள் போதும்

பெர்குளோரேட் உடம்பில் என்ன செய்யும்? தைராய்டுச் சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். இரத்தத்தில் ஓடும் அயோடைடைச் சுரப்பியின் செல்களுக்குள் இழுப்பதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. பெர்குளோரேட் அயனி உருவ அளவிலும் மின்னேற்றத்திலும் அயோடைடை ஒத்திருப்பதால், அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அயோடைடை உள்ளே விடாமல் தடுக்கும். தைராய்டு மிகையாகச் சுரந்தவர்களுக்கு ஒரு காலத்தில் இதையே மருந்தாகக் கொடுத்தார்கள் என்றால் அதன் ஆற்றல் புரியும். உணவில் போதிய அயோடின் இருப்பவர் சிறிய அளவைச் சமாளித்துவிடலாம். கவலைப்பட வேண்டியது கருவுற்ற பெண்ணைப் பற்றி. வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் தேவை.

ஆக, கேள்வி இப்படி விரிகிறது. எந்தக் கிணற்றில் எவ்வளவு? அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் யார், துணி துவைக்க மட்டும் எடுப்பவர் யார்? குடிப்பவர் வீட்டு உப்பில் அயோடின் இருக்கிறதா? உடம்பில் போதிய அயோடின் சேர்கிறதா? தைராய்டு எப்படி இருக்கிறது?

கருவி இல்லை என்று சொல்லி இந்தக் கேள்விகளை ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பெர்குளோரேட்டை மிக நுண்ணிய அளவில் காணப் பெரிய கருவி வேண்டும், உண்மைதான். அதற்கு ஐஸ் பெட்டி இருக்கிறது, ரயில் இருக்கிறது. சென்னையில் எலிசா இல்லாததால் நிர்மலா வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. மற்ற அளவீடுகளில் பாதியை நம் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். உப்பில் அயோடின் அளப்பது, பி.எஸ்சி. முதலாண்டில் தயோசல்பேட்டும் ஸ்டார்ச் கரைசலும் வைத்துச் செய்கிற அதே டைட்ரேஷன்தான். நீல நிறம் மறையும் புள்ளியைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது தெரியும். நுகர்வோர் கைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்த வேலை, பெரியம்மா வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பு ஜாடிக்கு வந்து சேரும்போது ஒரு மாணவிக்குள் ஏதோ மாறும்.

சிறுநீரில் அயோடின் அளக்க சான்டெல்–கோல்தாஃப் வினை இருக்கிறது. சீரியம் கரைசலின் மஞ்சள் நிறம் எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்பதை நிறமாலைமானியில் பார்த்து அயோடின் அளவைக் கணக்கிடுவார்கள். ஆர்சனிக் சேர்மம் சேர்ப்பதால் மேற்பார்வையோடு, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். பள்ளிக் குழந்தைகளிடம் இதன் இடைநிலை அளவு லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் அந்த ஊருக்கு அயோடின் போதவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. தனி ஆளின் ஒரு மாதிரியை வைத்து அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல முடியும். இந்த வேறுபாட்டைப் பாடப் புத்தகத்தில் படித்தவர் மறந்துவிடலாம். ‘என் மகளுக்கு எவ்வளவு காட்டுது?’ என்று ஒரு தாய் கேட்டு, அவருக்குப் பதில் சொல்லித் தவித்தவர் மறக்கமாட்டார்.

இன்னொன்றையும் அவர் கற்பார். பெர்குளோரேட் மட்டுமே அயோடைடுக்குக் குறுக்கே நிற்பதில்லை. நைட்ரேட்டும் அதைச் செய்யும், புகையிலைப் புகையிலிருந்து உடம்பில் சேரும் தயோசயனேட்டும் செய்யும். நைட்ரேட் பட்டாசு மருந்திலும் இருக்கிறது, உரம் போட்ட வயலின் கிணற்றிலும் இருக்கிறது. தைராய்டு அளவு மாறியிருந்தால் உடனே பயர் ஆபீஸைக் கைகாட்டிவிட முடியாது. கோபம் வேறு, சான்று வேறு. பிறந்த ஊருக்காகக் கொதிக்கும் ஒரு பிள்ளை அந்தக் கொதிப்பை அடக்கி, தனக்கு எதிரான விளக்கத்தையும் தானே தேடிப் பார்க்கக் கற்றால், அவர் ஆய்வாளராகிவிட்டார் என்று பொருள்.

சொந்தத் தெருவில் ஆய்வு

வெளியூர் ஆய்வாளருக்கு இல்லாத பலம் இந்த மாணவர்களுக்கு உண்டு. பெண்கள் வீட்டில் இருக்கும் நேரம் இவர்களுக்குத் தெரியும். வேன் இறக்கிவிட்டு, உலை கொதித்து, பிள்ளைகள் சாப்பிட்டபிறகுதான் பேசவே முடியும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை எப்படி நெருக்கும், மழைக்காலத்தில் எப்படிக் குறையும் என்று தெரியும். ‘என்ன வேலை?’ என்று கேட்டால் ‘பயர் ஆபீஸ்’ என்ற ஒரே பதில்தான் வரும். திரி வெட்டுவதா, குழாய் சுருட்டுவதா, மருந்து கலப்பதா, சரம் பின்னுவதா, பெட்டி போடுவதா என்று அடுத்த கேள்வியைக் கேட்க உள்ளூர் ஆளுக்குத்தான் தோன்றும். ஒவ்வொரு வேலையிலும் உடம்பில் படும் பொருள் வேறு.

நோயைப் பற்றிக் கேட்டால் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதும் இவர்களுக்குத் தெரியும். ஆலை மூடினால் அடுப்பு எரியாது. பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு வேலையில்லாமல் நின்ற நாட்களை இந்த ஊர் மறக்கவில்லை. கையில் படிவத்தோடு வரும் யாரையும் ‘ஆலையை மூட வந்திருக்காங்களோ’ என்று பார்க்கும் பயம் நியாயமானது. ‘நீங்க சொல்றதை வச்சு உங்க வேலைக்கு ஆபத்து வராது, உங்க பேரு எங்கயும் வராது’ என்று சொல்வதற்கு முன் அது உண்மைதானா என்று மாணவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே பலம் ஒரு சிக்கலும்கூட. சித்தியின் இரத்த முடிவு தெரிந்த மாணவி, அதை அம்மாவிடம் சொல்லக் கூடாது. மருமகளுக்குத் தைராய்டு கோளாறு என்று மாமியார் காதுக்குப் போனால் ஒரு குடும்பமே கலங்கலாம். வெளியூரில் இரகசியம் காப்பது எளிது. சொந்தத் தெருவில் கடினம். பெயரை எடுத்துவிட்டு எண் கொடுப்பது, பெயரும் எண்ணும் சேர்ந்த பதிவேட்டை வழிகாட்டியின் பூட்டிய அலமாரியில் வைப்பது, கைபேசியில் படம் எடுக்காமல் இருப்பது, இவையெல்லாம் சடங்கு போலத் தோன்றலாம். இவை இல்லாத ஆய்வுக்கு யாரும் இரத்தம் கொடுக்கக் கூடாது என்றே நான் சொல்வேன். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்கும்வரை ஒரு வீட்டின் கதவையும் தட்டக் கூடாது.

மாணவர்கள் எங்கே போய்ச் சேர்வது? வழிகள் இருக்கின்றன. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில், நாட்டின் தேர்ந்த ஆய்வகங்களில் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம். மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுங்கால ஆய்வுத் திட்டம் 1979 முதல் இருக்கிறது. மதுரையில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசு நிலையம் இருக்கிறது. அறிவியல் மாணவர் மட்டும் தனியாக மனித உடம்பைத் தொட்டு ஆராய முடியாது. மருத்துவர் கூட வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் அந்தக் குறையும் நீங்கிவிட்டது. அதன் சமூக மருத்துவத் துறையும் சுற்றியுள்ள கலை அறிவியல் கல்லூரிகளின் வேதியியல் துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதற்கு யார் முதலில் தொலைபேசியை எடுப்பது என்பதுதான் தடை என்றால், கல்லூரி முதல்வர்கள் நாளைக்கே எடுக்கட்டும்.

பணத்தையும் பேசிவிட வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் வேலைக்குப் போய்த்தான் அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். இரண்டு மாதம் சம்பளமில்லாமல் ஆய்வு செய் என்று அவர்களிடம் சொல்வது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வாருங்கள் என்று சொல்வதற்குச் சமம். பட்டாசுத் தொழிலில் கூலிக்கு எவ்வளவு கிடைக்குமோ அதற்குக் குறையாத உதவித்தொகை கொடுத்தால்தான் வேனில் போகும் அம்மாவின் மகள் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருவாள். தொழிலதிபர்கள் கல்லூரிகள் கட்டிய வட்டாரம் இது. இந்தச் செலவு அவர்களுக்குப் பெரிதல்ல. ஆனால் பணம் கொடுப்பவர் முடிவில் கைவைக்கக் கூடாது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

ஆலங்குளத்துக்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. சிமெண்ட்டுத் தூசியும் பட்டாசுத் தூசியும் அருகருகே இருக்கும் ஊர்களில் நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளப்பது. ஸ்பைரோமீட்டர் என்ற சிறு கருவியில் ஊதினால் தெரிந்துவிடும். சரியாக ஊதச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். ‘இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க’ என்று கூடவே நின்று குரல் கொடுக்கும் ஆளைப் பொறுத்து அளவு மாறும். இது அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிணறுகளை முதலில் எடுப்போம். மே, ஜூனில் மாதிரி எடுத்தால் ஜூலைக்குள் பெரும்பாலான அளவுகள் கைக்கு வந்துவிடும். ஆட்களின் முடிவு அவரவர் கையில், தனியாக, மருத்துவர் முன்னிலையில் போய்ச் சேர வேண்டும். பொதுக் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகளின் அளவுகளை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்கலாம். வாசிக்கும்போது, காய்ச்சினால் பெர்குளோரேட் போகாது என்று சொல்ல வேண்டும். அளவு கூடிய இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொள்ளச் சொல்லி, குழாய் வராத தெருக்களின் பட்டியலை ஊராட்சித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். கோடையில், நீர் வற்றியிருந்தபோது எடுத்த மாதிரி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அதே கிணறுகளில் மறுபடி எடுத்து, ஜனவரி 26 சபைக்குள் இரண்டாவது பட்டியலோடு வர வேண்டும்.